நிறுத்திய வண்டி நிற்குமா?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி வன்னிப் பெருநிலத்தை ஊடறுத்துச் செல்கின்றது. வவுனியாவைக் கடந்து, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் ஆகிய ஊர்களின் வழியே வடக்கு நோக்கி வரும் வாகனம் மாங்குளச் சந்தியை அடைகின்றது. கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு. மேற்கே திரும்பினால் மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம். நேரே சென்றால் கொக்காவில், முறிகண்டி, கிளிநொச்சி. முறிகண்டியில் வீதியோரத்துப் பிள்ளையார் கோயிலின் முன் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சாரதிகள் இறங்கிக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைப்பர். பயணிகள் கச்சான் வாங்குவர். சிறிது நேரத்தில் யாவரும் ஏறிக்கொள்ள, வண்டிகள் புறப்பட்டுவிடும்.

அந்த நேரம் முழுவதும் வண்டி தான் நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழுவதில்லை. நிலம் சமதரை, வீதி காய்ந்து கிடக்கின்றது, ரயர் அதனை இறுகப் பற்றியிருக்கின்றது. இத்தகைய நிலத்தில் பழகியவருக்கு, வண்டியை ஓட்டுவதே வித்தை, நிறுத்துவது வித்தையன்று என்ற எண்ணம் தானாகவே உண்டாகிவிடுகின்றது. நிலம் சாய்ந்து, அச்சாய்வின்மேல் வழுக்கலும் சேர்ந்துவிட்டால், இந்த எண்ணம் ஓர் உயிரையே விலையாகக் கேட்டுவிடும்.

வன்னியில் சரிவு எங்கே இருக்கின்றது என்று சிலர் வினவக்கூடும். மலையில்லாத நாட்டில் மனிதர் கட்டிய சரிவுகள் பல உள்ளன. அவற்றுள் முதன்மையானது குளக்கட்டு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெருங்குளங்களிலிருந்து ஊருக்கு ஒன்றாக உள்ள சிறு குளங்கள் வரை, யாவற்றுக்கும் கட்டு உண்டு. கட்டின்மேல் ஏறிச் செல்லும் சாய்வான பாதையும் உண்டு. ஆற்றைக் கடக்கும் இடங்களில் இரு கரைகளிலும் இறக்கம் உண்டு. நெல்வயலிலிருந்து கிறவல் வீதிக்கு ஏறும் சிறு மேடும் ஒரு சரிவே.

கோடையில் இச்சரிவுகளால் தொல்லை இல்லை. காய்ந்த களி கல்லைப்போல் இறுகியிருக்கும். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் நிலைமை மாறுகின்றது. முதல் மழை மண்ணின் மேற்புறத்தை மாத்திரம் நனைக்கின்றது. அடியில் உள்ள மண் இன்னும் இறுகியே இருக்கின்றது. இறுகிய தளத்தின்மேல் மெல்லிய சேற்றுப் பூச்சு ஒன்று படிந்துவிடுகின்றது. சவர்க்காரம் தடவிய கருங்கல்லின்மேல் கால் வைத்தால் எப்படியோ, அப்படியே அதன்மேல் ரயரும் வழுக்குகின்றது.

மழைக்காலத்திலேதான் மக்கள் குளக்கட்டின்மேல் ஏறவேண்டியும் வருகின்றது. வான் பாய்கின்றதா, கட்டில் எங்கேனும் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். மண்மூடைகளை ஏற்றிச் செல்லவேண்டும். 1964 டிசம்பரில் வடபகுதியைத் தாக்கிய பெரும்புயலின்போதும், 2025 நவம்பர் இறுதியில் நாடெங்கும் பெருவெள்ளத்தை விளைத்த டித்வா புயலின்போதும், குளத்தை நம்பி வாழும் ஊர்களுக்குக் கட்டைப் பற்றிய கவலையே பெருங்கவலையாயிற்று. அத்தகைய இரவில், மூடை ஏற்றிய உழவு இயந்திரமோ, திணைக்களத்தின் டபுள் கப் வாகனமோ கட்டின் சரிவில் நிறுத்தப்படுகின்றது. சாரதி இறங்குகின்றார். மூடை இறக்குவதற்கென நாலைந்து பேர் வண்டியின் பின்னால் வந்து நிற்கின்றனர். அவ்வண்டி நிற்குமா? கேள்வி அதுவே.

இக்கேள்வி வன்னிக்கு மாத்திரம் உரியதன்று. மாங்குளத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பிறந்து, போர்க்காலத்தில் புலம்பெயர்ந்து, இன்று கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கின்றவர் பலர். அவர்கள் காணும் வழுக்கல் பனிக்கட்டி. மழை நீர் வீதியில் விழுந்து உறைந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடுபோலப் படிந்துவிடுகின்றது. தமிழர் பலர் வாழும் மொன்றியல் நகரத்தில், 2016 டிசம்பர் 5ஆம் திகதி, பீவர் ஹோல் என்னும் சரிவான வீதியில் நிகழ்ந்ததை உலகமே படமாகக் கண்டது. பிறேக் இறுகப் பிடித்த நிலையிலேயே கார்களும் பஸ்களும் பொலிஸ் வண்டியும் மெல்ல மெல்லச் சறுக்கிச் சென்று ஒன்றையொன்று மோதின. வீதியைத் துப்புரவு செய்யவேண்டிய பனி அகற்றும் வண்டியும் அவற்றோடு சேர்ந்து சறுக்கிற்று. அன்று அவ்வண்டிகளின் பிறேக் பழுதுபடவில்லை. சில்லு சுழலவுமில்லை. சுழலாத சில்லே நிலத்தின்மேல் வழுக்கிச் சென்றது.

இந்நிகழ்ச்சியில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கின்றது. பிறேக் வண்டியை நிறுத்துவதில்லை. அது சில்லை மாத்திரமே நிறுத்துகின்றது. நிறுத்தப்பட்ட சில்லை நிலம் பற்றிக்கொள்வதால்தான் வண்டி நிற்கின்றது. நிலம் பற்ற மறுத்தால், உலகிலேயே மிகச் சிறந்த பிறேக்கும் பயன்படாது.

இதனை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். 3,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு வண்டி, பத்து அடி தூரத்துக்கு ஓரடி உயரும் சரிவில் நிற்பதாகக் கொள்க. அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை, வண்டியின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதாவது 300 கிலோகிராம் எடைக்குச் சமன். காய்ந்த தார் வீதியில் ரயரின் பற்று, அதன்மேல் அழுத்தும் எடையில் பத்தில் ஏழு பங்களவு இருக்கும். ஆகவே நான்கு சில்லுகளும் பிடிபட்டிருந்தால் 2,100 கிலோகிராம் வரை தாங்கும். 300க்கு 2,100 என்பது தாராளமான காவல். அதனாலேயே காய்ந்த வீதியில் எவரும் இதனைப்பற்றிச் சிந்திப்பதில்லை.

அதே வண்டி உருகும் நிலையிலுள்ள பனிக்கட்டியின்மேல் நின்றால், பற்று பத்தில் ஒரு பங்காகவோ அதனிலும் குறைவாகவோ சுருங்கிவிடும். நான்கு சில்லுகளும் பிடிபட்டிருந்தாலும் தாங்கக்கூடியது 300 கிலோகிராமே. இழுப்பதும் 300, தாங்குவதும் 300. ஒரு குழந்தை வண்டியின் பின்கதவை அடித்துச் சாத்தினாலும் தராசு சாய்ந்துவிடும். வன்னியின் நனைந்த களி இந்த அளவுக்குக் கொடியதன்று. எனினும், காய்ந்த வீதியில் இருந்த காவலின் பெரும்பகுதியை அதுவும் கவர்ந்துகொள்கின்றது.

இனி, நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டியைப்பற்றிக் கவனிக்கலாம். 1948இல் இங்கிலாந்தின் லாண்ட் றோவர் வண்டி வெளிவந்த நாள் தொட்டு, காட்டுவழிக்கும் சேற்றுவழிக்கும் இத்தகைய வண்டியே தக்கது என்ற பெயர் நிலைத்துவிட்டது. அப்பெயர் நியாயமானதே. முன்சில்லு வழுக்கினால் பின்சில்லு தள்ளும். பின்சில்லு புதைந்தால் முன்சில்லு இழுக்கும். ஆதலால், மற்ற வண்டிகள் ஏற அஞ்சும் இடத்துக்கு அது ஏறிவிடுகின்றது. ஆபத்தும் அங்கேயே தொடங்குகின்றது. ஏறும்போது நான்கு சில்லுகள் உழைத்தன. சாரதி கைப்பிறேக்கை இழுத்து இறங்கியபின் எத்தனை சில்லுகள் உழைக்கின்றன? பெரும்பாலான வண்டிகளில் கைப்பிறேக் பின்சில்லுகள் இரண்டை மாத்திரமே பிடிக்கின்றது. வண்டியின் எடையில் பாதி பின்சில்லுகளின்மேல் இருப்பதாகக் கொண்டால், முன்னர் சொன்ன கணக்கில் 300 என்று வந்த தாங்கும் விசை 150 ஆகிவிடுகின்றது. நான்கு சில்லின் வலிமையால் ஏறிய வண்டி, இரண்டு சில்லின் வலிமையால் நிற்க முயல்கின்றது. ஏற முடிந்த இடத்திலெல்லாம் நிற்கவும் முடியும் என்று எண்ணுவது இதனாலேயே பெரும் பிழையாகும்.

இதற்குப் பரிகாரம் அவ்வண்டியிலேயே உண்டு. முன்சில்லுகளையும் பின்சில்லுகளையும் இணைப்பதற்கென ஒரு நெம்புகோல் அல்லது ஒரு திருகி அமைக்கப்பட்டிருக்கின்றது. சேற்றில் ஏறியபோது இணைத்த அந்த இணைப்பை, நிறுத்தும்போதும் அவிழ்க்காமல் விடவேண்டும். இணைப்பு இருக்கும்வரை, பின்சில்லுகளைப் பிடித்த கைப்பிறேக் தண்டின் வழியாக முன்சில்லுகளையும் பிடித்துக்கொள்கின்றது. அதனோடு எஞ்சினை நிறுத்தி, வண்டியைக் கியரில் விடவேண்டும். ஏற்றத்தை நோக்கி நிற்கும் வண்டிக்கு முதலாம் கியர். இறக்கத்தை நோக்கி நிற்கும் வண்டிக்குப் பின்கியர். தாழ்ந்த வேகத்துக்குரிய துணைக் கியரையும் சேர்த்துவிட்டால் எஞ்சினின் பிடி மேலும் வலுப்பெறும்.

இங்கே ஒரு நுட்பமான கண்ணி இருக்கின்றது. துணைக் கியர்ப்பெட்டியின் நெம்புகோலுக்கு நடுநிலை ஒன்று உண்டு. சாரதிகள் அதனை நியூற்றல் என்பர். நெம்புகோல் அந்த நிலையில் இருந்தால், எஞ்சினுக்கும் சில்லுகளுக்கும் இடையே தொடர்பே இல்லை. பிரதான கியர் முதலாவதில் இருந்தாலும், தானியங்கிக் கியர்வண்டியில் கோல் ‘பார்க்’ என்ற எழுத்தில் நின்றாலும், சில்லுகள் தம்பாட்டில் உருளும். கியரில் விட்டேன் என்று நம்பி இறங்கும் சாரதியை இந்நெம்புகோல் ஏமாற்றிவிடுகின்றது. ஆகவே, இறங்குமுன் அதனைக் கண்ணாலும் கையாலும் ஒருமுறை சோதிப்பது கடமையாகும்.

மற்றொரு கண்ணியும் உண்டு. பழைய லாண்ட் றோவர் வண்டிகளின் கைப்பிறேக் சில்லில் இல்லை. கியர்ப்பெட்டியின் பின்புறத்தில், பின்சில்லுகளுக்குச் செல்லும் தண்டைப் பிடிக்குமாறு அது அமைந்திருக்கின்றது. தண்டு நின்றாலும், இரு பின்சில்லுகளுக்கும் இடையேயுள்ள டிபரென்சியல் என்னும் பகிர்வுப் பற்சக்கரங்கள், ஒரு சில்லை முன்னும் மற்றதைப் பின்னும் சுழல விட்டுவிடும். ஒரு பின்சில்லு உறுதியான நிலத்திலும் மற்றது வழுக்கலிலும் நின்றால், வழுக்கலில் நின்ற சில்லு எதிர்த்திசையில் சுழல, உறுதியான சில்லு உருளத் தொடங்கும். ரயர் மாற்றுவதற்கென ஒரு பின்சில்லை ஜக்கினால் உயர்த்திய கணத்தில் இத்தகைய வண்டி நகர்ந்துவிடுவது இதனாலேயே. கியரினால் மாத்திரம் பிடிக்கப்படும் எந்த வண்டிக்கும் இவ்விதி பொருந்தும். எனவே, ஒரே அச்சின் இரு சில்லுகளும் நல்ல நிலத்தில் நிற்குமாறு இடம் தேர்ந்துகொள்வது நலம்.

வண்டி எத்திசையை நோக்கி நிற்கின்றது என்பதும் அற்ப விடயமன்று. சரிவில் நிற்கும் வண்டியின் பாரம் கீழ்ப்பக்கத்துச் சில்லுகளின்மேல் கூடுதலாகச் சாய்கின்றது. வெறுமையான பிக்கப் வண்டியின் பின்புறம் இயல்பாகவே இலேசானது. அது இறக்கத்தை நோக்கி நின்றால், கைப்பிறேக் பிடிக்கும் பின்சில்லுகள் மேலும் இலேசாகிவிடுகின்றன, பிடி தளர்கின்றது. ஏற்றத்தை நோக்கி நின்றால், பாரம் பின்சில்லுகளின்மேல் இறங்குகின்றது, பிடி வலுக்கின்றது. வேறு வழியின்றிச் சரிவில் நிறுத்த நேர்ந்தால், முகம் மேலே, முதுகு கீழே என்பதே பிக்கப் வண்டிக்கு ஏற்ற முறை.

முன்சில்லைத் திருப்பி விடுவதும் ஒரு காவலாகும். இலங்கையில் வாகனங்கள் வீதியின் இடப்புறம் நிற்கின்றன. இறக்கத்தை நோக்கி நிறுத்தினால் முன்சில்லை இடப்புறம், அதாவது கரையை நோக்கித் திருப்பவேண்டும். ஏற்றத்தை நோக்கி நிறுத்தி, அருகே உயர்ந்த ஓரக்கல் இருந்தால், சில்லை வலப்புறம் திருப்பவேண்டும். வண்டி பின்னே உருண்டால் சில்லின் பின்புறம் ஓரக்கல்லில் முட்டி நின்றுவிடும். ஓரக்கல் இல்லையேல் இடப்புறமே திருப்பவேண்டும். வண்டி வீதியின் நடுவே செல்லாது கரைக்கு ஒதுங்கும். கனடாவிலும் நோர்வேயிலும் வாகனங்கள் வலப்புறம் நிற்பதால் இவ்விதி யாவும் இடம் வலமாக மாறும். இங்கே பழகி அங்கே சென்ற சாரதி இதனை நினைவில் இருத்தல் வேண்டும். குளக்கட்டின் ஏறுபாதையில் இந்த உபாயம் பலிக்காது. அங்கே ஒருபுறம் நீர், மறுபுறம் பள்ளம். எப்பக்கம் திருப்பினாலும் கேடே. ஆதலால் அங்கே கொள்ளத்தக்க விதி ஒன்றே: ஏறுபாதையில் வண்டியை விட்டு இறங்கலாகாது. கட்டின் தலைப்பில் உள்ள சமதளத்துக்கு ஏற்றி நிறுத்துக. இயலாவிடில் அடியிலேயே நிறுத்தி, மூடைகளைத் தோளில் சுமந்து செல்க. பத்து நிமிட உழைப்பு மிகுதியாகும். ஓர் உயிர் மிச்சமாகும்.

உழவு இயந்திரத்தைப்பற்றித் தனியே ஒரு சொல் கூறவேண்டும். வன்னியில் மழைக்காலச் சரிவுகளில் மிகுதியாக ஏறுவது அதுவே. அதன் பிறேக் பின்சில்லுகள் இரண்டில் மாத்திரம் உண்டு. பின்னே இணைத்த பெட்டிக்குப் பெரும்பாலும் பிறேக்கே இல்லை. பாரம் ஏற்றிய பெட்டி, நிற்கும் இயந்திரத்தைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு பிறேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டி, நிறுத்துப் பிறேக்கை இட்டு, கியரில் விடவேண்டும். கலப்பை பூட்டியிருந்தால் அதனை நிலத்தில் இறக்கிவிடவேண்டும். மண்ணில் பதிந்த கலப்பை ஒரு நங்கூரம். பெட்டி பூட்டியிருந்தால் பெட்டியின் சில்லுகளுக்கே முதலில் கட்டை வைக்கவேண்டும்.

கட்டை என்றதும் சிலர் புன்னகை புரியக்கூடும். இத்தனை இயந்திர நுட்பத்துக்கும் பிறகு ஒரு மரக்கட்டையா என்று தோன்றும். எனினும், பிறேக், கியர், இணைப்பு ஆகிய யாவும் சில்லையே பிடிக்கின்றன. கட்டை ஒன்றே சில்லுக்கும் நிலத்துக்கும் இடையே புதியதோர் அணையை எழுப்புகின்றது. ஆப்பு வடிவில் சீவிய கட்டை இரண்டை வண்டியில் எப்போதும் வைத்திருப்பது சாரதியின் இலக்கணம். சில்லின் கீழ்ப்பக்கத்தில், ரயரோடு நன்கு ஒட்டி, நேராக வைக்கவேண்டும். இடைவெளி விட்டு வைத்தால், உருண்டு வரும் சில்லு வேகம் பெற்றுக் கட்டையின்மேல் ஏறிக் கடந்துவிடும். உருண்டைக் கல் ஆகாது. அதுவும் சேர்ந்து உருளும். வைத்தபின் பிறேக்கை மெல்லத் தளர்த்தி, வண்டியைக் கட்டையின்மேல் சாயவிட்டு, மீண்டும் பிறேக்கை இறுக்கவேண்டும். எடுக்கும்போது, வண்டியை முதலில் மேல்நோக்கிச் சிறிது நகர்த்தி, பக்கத்தில் நின்றுகொண்டு எடுக்கவேண்டும். சில்லுக்குக் கீழ்ப்புறத்தில் குந்தியிருந்து கட்டையைப் பிடுங்குபவர், மரணத்தின் வாயிற்கதவைத் தம் கையாலேயே திறப்பவராவார்.

சேற்றில் கட்டையும் வழுக்கும். ஆதலால் மண்வெட்டியால் மேற்பூச்சு மண்ணை வழித்தெறிந்து, இறுகிய மண்ணில் ஒரு சிறு படி வெட்டி, அதில் கட்டையைப் பதிக்கவேண்டும். பனிக்கட்டியிலும் முறை இதுவே. பனியைக் கொத்திப் படி அமைத்தோ, மணலையும் சாம்பலையும் தூவியோ கட்டைக்கு நிலையம் தேடவேண்டும். சில்லுகளின் கீழும் மணல் இடவேண்டும். இமயமலையின் பனிவீதிகளிற் செல்லும் லொறிகள் ரயர்களின்மேல் இரும்புச் சங்கிலி சுற்றுகின்றன. சங்கிலி பனியில் கடித்து நிற்கும். நிறுத்தும்போது அச்சங்கிலி, கைப்பிறேக் பிடிக்கும் சில்லில் இருந்தால்தான் முழுப்பயன் தரும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குளிர்கால ரயர் பூட்டுவது 2008 முதல் சட்டமாயிற்று. அந்த ரயரின் றப்பர் கடுங்குளிரிலும் மென்மை குன்றாதது. எனினும், உருகும் பனிக்கட்டியின் சரிவில் அதனையும் முற்றாக நம்புவதற்கில்லை.

கடுங்குளிர் நாடுகளில் மற்றொரு சங்கடமும் நேர்கின்றது. கைப்பிறேக்கின் கம்பிவடத்துக்குள் புகுந்த நீர் இரவில் உறைந்து, காலையில் பிறேக் விடுபட மறுக்கும். அதற்கு அஞ்சி, குளிர்காலத்தில் கைப்பிறேக்கை இழுக்காமல் கியரில் மாத்திரம் விடும் வழக்கம் சிலரிடம் உண்டு. சமதரையில் அவ்வழக்கத்தைப் பின்பற்றலாம். சரிவில் அவ்வாறு செய்வது தகாது. காலையில் வண்டி நகரவில்லை என்ற தொல்லை, இரவில் வண்டி நகர்ந்துவிட்டது என்ற துயரத்தினும் சிறியது.

இவை அனைத்தையும் செய்தபின்னும், ஒன்றை மறக்கலாகாது. நிறுத்திய வேளையில் இருந்த நிலம் வேறு; ஒரு மணி நேரத்தின் பின் இருக்கும் நிலம் வேறு. அதிகாலைக் கடுங்குளிரில் பனிக்கட்டி உலர்ந்து, ஓரளவு பற்றுடன் இருக்கும். நண்பகல் வெயிலில் அதன் மேற்புறம் உருகி, நீர்ப்படலம் ஒன்று படர, அசையாது நின்ற வண்டி சத்தமின்றிச் சறுக்கத் தொடங்கும். ஓடி வந்த ரயரின் சூடும் தன் கீழுள்ள பனியைச் சிறிது உருக்கும். வன்னியிலும் இதுவே நிகழ்கின்றது. தூறலில் நிறுத்திய வண்டி, பெருமழையில் நகர்கின்றது. பாரம் இறக்க இறக்கச் சில்லின்மேல் அழுத்தும் எடையும் இடம் மாறுகின்றது. ஆகவே, ‘இப்போது நிற்கின்றது’ என்பது போதிய சான்றன்று. இனி நிலம் எவ்வாறு மாறும் என்று எண்ணி நிறுத்துபவரே தேர்ந்த சாரதி.

இறங்கும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. காலால் பிறேக்கை மிதித்தபடியே கைப்பிறேக்கை இழுக்கவேண்டும். பின்பு கால்பிறேக்கை மெல்ல விட்டு, கைப்பிறேக் மாத்திரம் வண்டியைத் தாங்குகின்றதா என்று சில கணங்கள் பார்க்கவேண்டும். தாங்காவிடில், அவ்விடம் நிறுத்துவதற்கு உரிய இடமன்று. மறுபேச்சின்றி அங்கிருந்து அகலவேண்டும். தாங்கினால், நான்கு சில்லின் இணைப்பைச் சோதித்து, எஞ்சினை நிறுத்தி, கியரில் இட்டு, முன்சில்லைத் திருப்பி, மேற்பக்கமாக நடந்து சென்று கட்டை வைக்கவேண்டும். அதன் பின்னரே மற்றவர்கள் அணுகலாம். பிள்ளைகள் வண்டியின் கீழ்ப்புறத்தில் விளையாட ஒருபோதும் இடங்கொடுக்கலாகாது. மூடை இறக்குவோர் பக்கவாட்டில் நிற்பதே முறை.

இத்தனைக்கும் பிறகு வண்டி நகரத் தொடங்கிவிட்டால் என் செய்வது? இவ்வினாவுக்கான விடை மனத்துக்குக் கசப்பானது: விலகி நிற்க வேண்டியதே. உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டி கண்முன்னே போகும்போது, கை தானாக அதனைப் பிடிக்க நீளும். கால் தானாக ஓடிக் கதவைத் திறக்க முற்படும். 3,000 கிலோகிராம் எடையுள்ள இரும்பை மனிதத் தோள் தடுத்ததில்லை. ஓடும் வண்டியில் ஏற முயன்றோரும், பின்னால் நின்று தள்ளிப்பிடிக்க முயன்றோரும் உலகின் பல நாடுகளில் உயிரிழந்திருக்கின்றனர். கீழே நிற்போரைக் கூவி எச்சரித்துவிட்டு, வண்டியைப் போகவிடுவதே அறிவுடைமை. வண்டிக்கு விலை உண்டு, வேறொன்று வாங்கலாம்.

வன்னியின் வீதிகளில் மோட்டார் வண்டி வருவதற்கு முன்னர், மாட்டுவண்டிகளே நெல்லையும் மரத்தையும் சுமந்தன. பாரவண்டியை மேட்டில் நிறுத்த நேர்ந்தால், நுகத்திலிருந்து மாட்டை அவிழ்க்குமுன் சில்லுக்குக் கல் வைப்பது வண்டிக்காரனின் வழக்கம். அவனுக்குக் கைப்பிறேக் இல்லை; கியர் இல்லை. தாங்கி நிற்கும் மாட்டின் வலிமை விலகியதும் வண்டியை எது தாங்கும் என்ற கேள்வியை அவன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டான். அந்தக் கேள்வியே அவனைக் காத்தது. இன்றைய சாரதியின் கையில் நூறு குதிரைகளின் வலிமை இருக்கின்றது. நான்கு சில்லுகளின் இழுப்பும் இருக்கின்றது. எஞ்சின் ஓய்ந்த கணத்தில் அவ்வலிமை யாவும் அவிழ்த்துவிட்ட மாட்டைப்போல் விலகிவிடுகின்றது. எஞ்சியிருப்பது சில்லும் நிலமும், அவற்றின் இடையே வைக்கும் ஒரு கட்டையுமே.

மாரி தொடங்குமுன், கைப்பிறேக்கின் வடத்தை இறுக்கிக்கொள்வதும், தேய்ந்த ரயரை மாற்றுவதும், ஆப்புக்கட்டை இரண்டைச் சீவி ஆசனத்தின் பின்னால் வைத்துக்கொள்வதும் ஒரு நாள் வேலை. முறிகண்டியின் சமதரையில் அக்கட்டைகளுக்கு வேலை இராது. மாங்குளத்துக்கு அப்பால், ஏதோ ஒரு சிறு குளத்தின் கட்டில், மழை கொட்டும் ஓர் இரவில், வண்டியின் பின்னால் நாலைந்து பேர் மூடைக்குத் தோள் கொடுத்து நிற்கும்போது, அவர்கள் வீடு திரும்புவதை உறுதிசெய்வது அக்கட்டைகளாகவே இருக்கும்.